முகம் பார்த்து அறிவதும் சிகிச்சையில் சேரட்டும்

மனச்சிதைவு நோய்க்கு மருந்தெடுக்கும் ஒருவர் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ மாதாமாதம் கிளினிக் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. தூக்கம் வருகிறது, சந்தேகம் தணிந்திருக்கிறது. மருந்து கேட்கிறது என்று கிளினிக் கொப்பியில் பதிவாகிறது, அது உண்மையும்தான். ஆனால் போன வேலையில் அவர் நிலைப்பதில்லை, வீட்டில் எவரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோம்பல் என்றும் திமிர் என்றும் சுற்றியிருப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் மருந்தால் பெரிதாக அசைக்க முடியாத ஒன்று உண்டு: எதிரே நிற்பவரின் முகத்தில் தெரிவது கோபமா, கவலையா, வெறும் களைப்பா என்று பிரித்தறிய முடியாமை. இந்தக் குறையைப் பயிற்சியால் கணிசமாகச் சீர்செய்யலாம். கண்டியிலும் அதைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் உளநல சேவை இப்பயிற்சியை மருந்தோடு சேர்த்து வழமையான சிகிச்சையாகவே கொடுக்க வேண்டும்.

இது ஊகமல்ல. 1970 முதல் 2007 வரை வெளிவந்த 86 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான மீளாய்வு ஒன்று, மனச்சிதைவு உள்ளவர்களுக்கு முக உணர்ச்சியை அறிவதில் பெரிய அளவு பின்னடைவு இருப்பதைக் காட்டியது. மகிழ்ச்சியை அவர்கள் ஓரளவு சரியாகவே கண்டுகொள்கிறார்கள். பயம், கோபம், கவலை, அருவருப்பு ஆகியவற்றில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். சலனமில்லாத முகத்தைக்கூடப் பகை காட்டும் முகமாக எடுத்துக்கொள்வோரும் உண்டு. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். தராசு முள்ளைக் கூர்ந்து பார்க்கும் கணக்கப்பிள்ளை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறார், புருவம் நெரிகிறது. வரிசையில் நிற்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. நோயிலிருந்து தேறி வந்தவருக்கோ அது தன்மேல் காட்டும் வெறுப்பாகப் படுகிறது. மறுநாள் அவர் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் போவதில்லை. 52 ஆய்வுகளை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டின் மற்றொரு மீளாய்வு, நோயாளியின் அன்றாட வாழ்க்கைத் திறனோடு நினைவாற்றலையும் கவனத்தையும்விட இத்தகைய சமூக அறிதிறனுக்கே நெருங்கிய தொடர்பு இருப்பதாகக் கண்டது. சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும் வழிவிடுகிற திறன் இது என்றால், அதைச் சிகிச்சையின் ஓரத்தில் தள்ளி வைக்க நியாயமில்லை.

பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் அதில் மாயமந்திரம் ஏதுமில்லை என்பது விளங்கும். ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் நகரில் உருவான ஒரு முறையில் இரண்டு நோயாளிகளும் ஒரு பயிற்சியாளரும் சேர்ந்து அமர்கிறார்கள். 45 நிமிடம் வீதம் 12 அமர்வுகள். முதலில் ஒரு முகத்தின் படம் மேசைக்கு வருகிறது. என்ன உணர்ச்சி என்று எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. புருவம் எப்படி இருக்கிறது, உள்முனை மேலே ஏறியிருக்கிறதா, இமை அகன்றிருக்கிறதா, உதட்டோரம் கீழே இழுபடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை வாய்விட்டுச் சொல்ல வைக்கிறார்கள். மனச்சிதைவு உள்ளவர்களின் பார்வை முகத்தின் கண், வாய் போன்ற முக்கிய பகுதிகளில் போதிய அளவு தங்குவதில்லை என்பது கண்ணசைவு ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று. பார்வையை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதே முதற்படி. பிறகு முழு முகத்தையும் ஒரே பார்வையில் மதிப்பிடப் பழக்குகிறார்கள். கடைசியில் அந்த முகத்தை ஒரு சூழலில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 2005இல் வெளியான ஒப்பீட்டில், இப்பயிற்சி பெற்றவர்கள் முக உணர்ச்சியை அறிவதில் முன்னேறினார்கள். பொதுவான மூளைத்திறன் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. ஆக, இதை இதற்கென்றே கற்பித்தாக வேண்டும்.

யாருடைய முகங்களைக் காட்டுவது என்பது நமக்கு முக்கியமான கேள்வி. மனிதர் தம் சமூகத்தவரின் முகத்தில் தெரியும் உணர்ச்சியைப் பிறர் முகத்தில் தெரிவதைவிட ஓரளவு எளிதாக அறிகிறார்கள் என்றும், நெருங்கிப் பழகப் பழக அந்த வேறுபாடு குறைகிறது என்றும் 2002இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. மேலைநாட்டுப் படங்களை அப்படியே இங்கே விரித்து வைப்பது சரிவராது. பெங்களூர் நிம்ஹான்ஸ் உளநல நிறுவனம் இந்திய நடிகர்களை, இளையோர் முதியோர், ஆண் பெண் எனக் கலந்து படமும் காணொளியும் எடுத்து, முக உணர்ச்சியை அறியும் திறனைச் சோதிக்கும் தன் கருவியை உருவாக்கியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தாலும் இது ஆகும். மருத்துவ பீடம் அங்கே இருக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்குப் புத்துயிர் கொடுத்த நாடக மரபும் அந்த வளாகத்துடையது. (கூத்தின் உரத்த முகபாவம் முதல் அமர்வுக்கு வேண்டுமானால் உதவும். வாழ்க்கையில் வருவது அடக்கமான முகம்; அதுதான் கடினம்.) கலஹாவிலிருந்து வரும் தமிழ்பேசும் நோயாளி சிங்களத் தாதியையும் முஸ்லிம் கடைக்காரரையும் தன் தாயையும் ஒரே நாளில் எதிர்கொள்கிறார். படத்தொகுப்பில் மூவருமே இருக்க வேண்டும். பயிற்சி மட்டும் அவருடைய தமிழில், தோட்ட லயத்தில் பேசும் சொற்களிலேயே நடக்க வேண்டும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும் பயிற்சியை மொழிபெயர்ப்பாளர் வழியாக நடத்த முடியாது.

வைத்தியருக்கும் தாதிக்கும் தட்டுப்பாடு, மருந்துக்கே வரிசை நீள்கிறது, இதற்கு யாருக்கு நேரம் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஆனால் இப்பயிற்சிக்கு உளநல மருத்துவ நிபுணர் தேவையில்லை. பயிற்றப்பட்ட தாதியோ சமூக உளநல ஊழியரோ நடத்தலாம். பஸ் கட்டணமும் இழந்த நாட்சம்பளமும்தான் உண்மையான தடை. அதனால் நோயாளியைக் கண்டிக்கு வரச்சொல்லாமல் பயிற்சியைத் தெல்தோட்டை, கலஹா போன்ற பிரதேச வைத்தியசாலைகளில் வைக்க வேண்டும். படத்தில் தேறியவர் வாழ்க்கையிலும் தேறுவாரா என்ற மறுப்பு இதைவிட வலுவானது. 19 ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டு மீளாய்வில் உணர்ச்சியை அறியும் திறனில் தெளிவான பலன் தெரிந்தது. ஆனால் குரல் கேட்பது போன்ற நேர்மறை நோய்க்குறிகளிலும் ஒதுங்குவது போன்ற எதிர்மறை நோய்க்குறிகளிலும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. படத்தோடு நிறுத்திவிட்டால் பலன் படத்தோடு நின்றுவிடும் என்று நான் இதற்குப் பொருள் கொள்கிறேன். எனவே கடைசி அமர்வுகளில் வீட்டார் ஒருவர் உடனிருக்க வேண்டும். "கோபமா இருக்கீங்களா?" என்று கேட்டுத் தெளிய நோயாளி பழகட்டும். "இல்ல, அலுப்பு" என்று நேராகப் பதில் சொல்ல வீட்டாரும் பழகட்டும்.

இன்னொரு மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஊரார் முகத்தில் உண்மையிலேயே இளக்காரம் இருக்கிறதே, அதைச் சரியாகப் படிக்க நோயாளிக்குக் கற்றுக்கொடுத்து அவர் மனதை இன்னும் நோகடிக்க வேண்டுமா? இளக்காரம் இருப்பதை மறுக்க முடியாது; அதை மாற்றும் பொறுப்பு ஊருக்கே உரியது, நோயாளிக்கல்ல. ஆனால் எல்லா முகமும் பகையாகத் தெரியும்போது, உண்மையில் வெறுப்பவரோடு சேர்த்து, பரிவோடு பார்க்கும் அக்காவையும் கூப்பிட்டு வேலை கொடுக்கும் முதலாளியையும் அவர் இழந்துவிடுகிறார். யாரிடம் ஒதுங்க வேண்டும், யாரிடம் நெருங்கலாம் என்று பிரித்துப் பார்க்கும் உரிமை மற்ற எல்லாருக்கும் இருப்பதுபோல் அவருக்கும் வேண்டும். இப்பயிற்சியைக் கண்டியில் தொடங்கினால் அதன் வெற்றியையும் அந்த அளவுகோலிலேயே பார்க்க வேண்டும்: எத்தனை படங்களுக்குச் சரியான விடை சொன்னார் என்பதோடு, ஆறு மாதம் கழித்து அவர் வேலையில் இருக்கிறாரா, வீட்டில் யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடுகிறாரா என்பதும் அந்தக் கிளினிக் கொப்பியில் பதிவாக வேண்டும்.