பிக்கப்புக்கு ஆல் டெரைன் டயர் அவசியமா?

நாமக்கல்காரனிடம் டயரைப் பற்றிக் கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியாது. லாரியும் ரீட்ரெடிங் கடையும் பாடி கட்டும் பட்டறையும் சேர்ந்து வளர்த்த ஊர் இது. அதிலும் நான் பஸ் டிப்போவில் டயர் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிக்கப் வண்டி வைத்திருக்கும் பையன்களிடம் ஆல் டெரைன் டயர் மேல் ஒரு மோகம் வந்திருக்கிறது. சுருக்கமாக ஏ.டி. என்கிறார்கள். பெரிய பெரிய கட்டைகளுடன் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். விலையும் சாதாரண டயரை விடக் கூடுதல். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் சரக்கு ஏற்றும் பிக்கப்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை. தேவைப்படும் சிலரும் கட்டையைப் பார்த்து வாங்குகிறார்களே தவிர, டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை.

பஸ், லாரியில் முன் சக்கரத்துக்கு ரிப் டயர், பின் சக்கரத்துக்கு லக் டயர் என்று போடுவது நம் தலைமுறைக்குத் தெரியும். ரிப் நீளவாக்கில் கோடு போட்டது, தார் ரோட்டில் நேராக ஓடும். லக் குறுக்கே வெட்டியது, பிடித்து இழுக்கும். பிக்கப் டயரிலும் அதே கதைதான். ஒரு கோடியில் ஹைவே டயர், மறு கோடியில் டிராக்டர் டயர் போலிருக்கும் மட் டெரைன். ஏ.டி. இரண்டுக்கும் நடுவில். நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கிடைக்கும், இரண்டு பக்கமும் கொஞ்சம் குறையும்.

என் தம்பி மகன் கொல்லிமலையிலிருந்து வாழை, அன்னாசி, பலா என்று பருவத்துக்குத் தகுந்தபடி இறக்குகிறான். "ஏனுங்க பெரியப்பா, மலைக்குப் போற வண்டிக்கு ஏ.டி. தானுங்க போடோணும்?" என்று போன மாதம் கேட்டான்.

"மலையில எத்தன தூரஞ் சாமி மண்ணுல ஓட்டற?" என்றேன்.

யோசித்துப் பார்த்து, தோட்டத்துக்குள் அரை கிலோமீட்டர் இருக்கும் என்றான். மற்றதெல்லாம் தார் ரோடு. காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது காலி வண்டி, இறங்கும்போது முழு லோடு. ஐப்பசி, கார்த்திகையில் அத்தனை வளைவிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அந்த வண்டிக்கு ஆபத்து சேற்றில் இல்லை, ஈரத் தாரில் இருக்கிறது. சேற்றில் சிக்கினால் ஒரு டிராக்டர் வந்து இழுத்துவிடும். ஈர வளைவில் பிரேக் பிடித்து வண்டி நிற்கவில்லையென்றால் இழுப்பதற்கு என்ன இருக்கிறது?

ஈரத் தாரில் ஏ.டி. பொதுவாக ஹைவே டயரை விடக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். காரணம் எளிது. கட்டைக்குக் கட்டை இடைவெளி அதிகம் என்பதால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. கல் வெட்டாமல் இருக்க ரப்பரைக் கெட்டியாகச் செய்வார்கள், கெட்டி ரப்பருக்கு ஈரத்தில் பிடிப்பு குறையும். உயரமான கட்டைகள் பிரேக் பிடிக்கும்போது லேசாக வளைந்து கொடுக்கும். இதோடு சத்தமும் கூடும், மைலேஜும் குறையும். எல்லா ஏ.டி.யும் ஒன்றில்லை, நல்லவையும் உண்டு. ஆனாலும் முரட்டுத் தோற்றத்துக்கும் ஈரப் பிடிப்புக்கும் சம்பந்தம் கிடையாது.

தோற்றத்தை விட முக்கியமானவை மூன்று.

முதலாவது, பாரம் தாங்கும் எண். டயரின் பக்கவாட்டில் 235/75 ஆர் 15 என்பது போன்ற அளவுக்குப் பிறகு 105 எஸ் என்று ஒன்று இருக்கும். அந்த 105 என்றால் அந்த டயர் 925 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ, 108 என்றால் 1000 கிலோ, 112 என்றால் 1120 கிலோ. கடையில் கிடைக்கும் ஏ.டி. டயர்களில் பல, ஜீப் மாதிரி ஆள் ஏறும் வண்டிக்காகச் செய்தவை. பின் அச்சில் இரண்டு டன் விழும் வண்டிக்கு 105 போட்டால் இரண்டு டயரும் சேர்ந்து 1850 கிலோதான் தாங்கும். மீதி 150 கிலோவை யார் தாங்குவது? பார்க்கப் பயில்வான், தூக்கச் சொன்னால் மூச்சு வாங்குவான். வண்டியோடு வந்த டயரின் எண்ணை விடக் குறைந்த எண்ணை, எவ்வளவு அழகான டயராக இருந்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, பிறந்த தேதி. பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஏ.டி. டயர் சின்ன ஊர்க் கடைகளில் வேகமாக விற்காது. நாலு வருடம் கிடந்ததைத் துடைத்துப் பளபளவென்று கொடுப்பார்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். நம்மைப் போலத்தான், வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் முட்டி தேயாமல் இருக்கிறதா?

மூன்றாவது, அளவு. ஏ.டி. போடுகிறவர்களுக்கு ஒரு சுற்றுப் பெரிதாகப் போடும் ஆசையும் கூடவே வந்துவிடுகிறது. 215/75 ஆர் 15 இருந்த இடத்தில் 235/75 ஆர் 15 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் 30 மில்லிமீட்டர் கூடும். வண்டி உயர்வதோ அதில் பாதி, 15 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதற்கு விலையாக ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல் போகும். ஏற்றத்தில் இழுவை குறையும். பிரேக்குக்கு வேலை கூடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டில் உரசவும் செய்யலாம். வண்டிக் கம்பெனி சொல்லாத அளவைப் போட்டால் விபத்தின்போது இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்க நாமே வழி விட்டதாகும்.

அப்படியானால் ஏ.டி. யாருக்குத்தான்? தார் முடிந்த பிறகுதான் பிழைப்பே தொடங்குகிறது என்பவர்களுக்கு. கல் குவாரிக்குள் போய் வருபவர்கள், எஸ்டேட்டுக்குள் கூரான பாறையும் சரளையும் நிறைந்த பாதையில் தினமும் ஓட்டுபவர்கள் தயங்காமல் போடலாம். அங்கே ஏ.டி.யின் நிஜமான பலன் கட்டையில் இல்லை, கெட்டியான பக்கச் சுவரில். டயரின் நடுவில் ஆணி ஏறினால் பஞ்சர் கடையில் ஒட்டிவிடலாம். பக்கவாட்டில் கல் கிழித்தால் அந்த டயரின் கதை அத்தோடு முடிந்தது.

செம்மண் பாதைக்கும் ஏ.டி. உதவும். கரிசல் காட்டில் அந்த நம்பிக்கை வேண்டாம். மழைக்குப் பிறகு கரிசல் மண் கட்டைகளுக்கு நடுவில் அப்பிக்கொண்டு விழாது, நாலு சுற்றில் டயர் மொழுமொழுவென்று உருண்டை ஆகிவிடும். இன்னொன்று, சரக்கு பிக்கப்களில் பெரும்பாலும் பின் சக்கரம் மட்டுமே தள்ளும். காலி வண்டியில் பின்பக்கம் எடையே இருக்காது, எந்த டயரும் சும்மா சுற்றத்தான் செய்யும். பழைய டிரைவர்கள் மழைக்காலத்தில் பின்னால் நாலு மணல் மூட்டை போட்டுக்கொள்வார்கள். காசில்லாத ஏ.டி. அது!

வாங்குவதென்றால் நான்கையும் சேர்த்து வாங்குங்கள், ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். காசு போதவில்லை என்று பின்னால் மட்டும் இரண்டு ஏ.டி. போடுகிறார்கள். மழையில் பிரேக் மிதித்தால் முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி என்று வண்டி என்ன செய்யும் என்று டிரைவருக்கே தெரியாது. காற்றை, கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். காற்றுக் குறைவும் லோடு அதிகமும் சேர்ந்தால் டயர் உள்ளே சூடேறி வெடிக்கும். அப்போது ஏ.டி. என்றும் பார்க்காது, சாதா என்றும் பார்க்காது.

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படுகிற ஒன்று. டிப்போவில் புது டயரை முன்னால்தான் மாட்டுவோம், ரீட்ரெட் பின்னால்தான் போகும். முன் டயர் போனால் ஸ்டியரிங் டிரைவர் கையில் நிற்காது என்பதற்காக வைத்த முறை அது. ஓட்டுகிறவனை நினைத்து டயர் மாட்டிய காலம். பிக்கப் தொழிலில் டயருக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், அந்த டயரை நம்பி எழுபது வளைவு இறங்குபவர் இன்னொருவர். முதலாளி கட்டையின் அழகைப் பார்ப்பார், அல்லது ரசீதைப் பார்ப்பார். தேய்மானக் கோடு 1.6 மில்லிமீட்டரில் தரையைத் தொடும் வரை ஓட்டச் சொல்கிற முதலாளிகளும் உண்டு. மலை இறங்கும் வண்டிக்கு மழைக்காலத்தில் அது போதவே போதாது.

ஆகவே பிக்கப் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். டயர் கடைக்குப் போகும்போது உங்கள் டிரைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் வண்டி வழுக்குகிறது, எந்த இடத்தில் கால் நடுங்குகிறது என்று அவரைக் கேளுங்கள். அவர் காட்டும் இடம் கல்லும் சரளையுமாக இருந்தால் ஏ.டி. வாங்குங்கள். ஈர வளைவாக இருந்தால், பாரம் சரியாகத் தாங்கும், புதிதாகச் செய்த, நல்ல ஹைவே டயரே போதும். மிச்சமாகும் காசில் பிரேக் லைனிங்கை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.