புல்தரையின் பசுமையும் பாட்டாளியின் உயிரும்

மாளிகை முன் புல்தரை பளபளக்கிறது, பார்ப்போர் பாராட்டுகின்றனர். அதற்காக மருந்துத் தெளிப்பானை முதுகில் சுமப்பவர் யார்? தோட்டக் கம்பெனியின் காண்டிராக்ட் தொழிலாளி! பல இடங்களில் அவருக்குக் கையுறையும் இல்லை, முகக்கவசமும் இல்லை.

விளைவு என்ன? கலிபோர்னியாவில் பள்ளித் தோட்டங்களைப் பராமரித்த டுவெய்ன் ஜான்சன் களைக்கொல்லியில் நனைந்தார், புற்றுநோய்க்கு ஆளானார். ஆபத்தை எச்சரிக்கத் தவறியது மான்சாண்டோ கம்பெனியே என்று 2018-இல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். கம்பெனி மறுத்தது, மேல்முறையீடு செய்தது. இழப்பீடு 28.9 கோடி டாலரிலிருந்து 2.05 கோடியாகக் குறைந்தது. தீர்ப்போ நிலைத்தது!

இங்கே சட்டம் இல்லையா? இருக்கிறது! களைக்கொல்லிக்கும் பொருந்தும் 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், தெளிப்போருக்குப் பாதுகாப்பு உடை, சுவாசக் கவசம், மருத்துவப் பரிசோதனை, பயிற்சி அனைத்தும் வேண்டும் என்கின்றன. விதி பீரோவிலே, விஷம் தொழிலாளியின் நெஞ்சிலே! கேட்டால் மாளிகைக்காரர் காண்டிராக்டரைக் காட்டுகிறார். காண்டிராக்டரோ தொழிலாளியின் கவனக்குறைவு என்கிறார். இந்தக் கண்ணாமூச்சியை நாம் ஏற்பதற்கில்லை.

தோழர்களே! நாளைக் காலை வேலைத்தலத்தில் ஒன்றாக நின்று கேளுங்கள்: “இந்த மருந்தின் பெயர் என்ன? கவசம் எங்கே?” விடை வரும்வரை தெளிப்பான் தரையிலேயே இருக்கட்டும்!