தலையில் ஸ்கார்ஃபோடு வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள்

பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு வகுப்புக்குத் திரும்பும் பிள்ளைகளுக்காக இந்த மடலை எழுதுகிறேன்.

சிறுவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோயே அதிகம். அதன் பரவலான வகைக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். கடுமையான கீமோ கட்டம் முடிந்ததும், வீட்டில் மாத்திரை சாப்பிட்டபடியே பல பிள்ளைகள் பள்ளிக்கு வரலாம். வரும்போது சிலருக்குத் தலையில் முடி இருக்காது; சிலருக்கு அப்போதுதான் முளைத்திருக்கும். ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பியிருக்கும். வின்கிறிஸ்டின் என்ற கீமோ ஊசியால் சிலருக்குப் பாதம் தளர்ந்து நடையும் மாறியிருக்கும். இவற்றில் பலவும் நாளடைவில் சரியாகிவிடும். ‘மொட்டை’, ‘குண்டு’ என்று வகுப்பில் விழும் பட்டப்பெயர் அவ்வளவு லேசில் போகாது. எலும்புப் புற்றுநோயில் காலை இழந்தவருக்கும், விழித்திரைப் புற்றுநோயில் செயற்கைக் கண் பொருத்தியவருக்கும் அந்த மாற்றம் ஆயுளுக்கும் உண்டு.

பெண் பிள்ளைகளுக்கு இரட்டைச் சடை, ரிப்பன் என்பது நம் பள்ளிகளின் வழக்கம். இரண்டு விரற்கடை முளைத்த முடியில் ரிப்பன் எப்படி நிற்கும்? ஸ்கார்ஃப் கட்டி வரும் எட்டாம் வகுப்பு மாணவியை, விவரம் தெரியாத ஆசிரியர் வாசலில் நிறுத்தி “தலையில என்ன?” என்று கேட்டால், பிரேயருக்குப் போகும் அத்தனை பேர் முன்னாலும் அவள் அதை அவிழ்த்துக் காட்ட நேரிடும். மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள். படிப்பு அங்கேதான் அறுபடுகிறது.

ஆகவே, எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தொப்பி, ஸ்கார்ஃப், முகக்கவசம் அணிய இப்பிள்ளைகளுக்குத் தடை கூடாது. முடி தொடர்பான விதி எதுவும் இவர்களுக்குப் பொருந்தாது என்று அதில் எழுதுங்கள். பிள்ளை திரும்பும் முன்பே வகுப்பாசிரியர் வீட்டாரோடு பேசட்டும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சம்மதமானால், இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல, முடி கொட்டியது மருந்தால் என்று வகுப்பில் விளக்கட்டும். ஆண்டுவிழா மேடையிலும் குரூப் போட்டோவிலும் இவர்களை ஒதுக்கக் கூடாது. ஹால் டிக்கெட் படத்தில் முகம் வேறாகத் தெரிந்தால், தேர்வு அறையில் எல்லோர் முன்னாலும் விசாரிக்காமல் முன்கூட்டியே பள்ளி உறுதிசெய்யட்டும். உருவத்தைக் கேலி செய்வதைப் பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிடாமல் அன்றே கண்டிக்கட்டும்.

இதற்குத் தனி நிதி தேவையில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன், ஒவ்வொரு தலைமையாசிரியர் கைக்கும் இந்தச் சுற்றறிக்கை போய்ச்சேர ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.