கேள்வி கேட்டாலே உளவாளியா? ஆபத்தில் பிஎச்.டி. களப்பணி

சர்வதேச அரசியலில் பிஎச்.டி. என்றால் ஏசி நூலகத்தில் உட்கார்ந்து நாலைந்து வருஷம் புத்தகம் புரட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. ஒரு நாட்டில் தொழிற்சங்கம் எப்படி இயங்குகிறது, ராணுவம் எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்த ஊருக்குப் போக வேண்டும். மொழி கற்க வேண்டும், மாதக்கணக்கில் தங்க வேண்டும், முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டும். இதற்குக் களப்பணி என்று பெயர். சிக்கலும் அங்கேதான் ஆரம்பம்.

ஜூலியோ ரெஜேனிக்கு நடந்தது என்ன?

இத்தாலிக்காரர். வயது 28. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. மாணவர். எகிப்தின் சுயேச்சையான தொழிற்சங்கங்கள்தான் அவருடைய ஆய்வு. கெய்ரோவில் தங்கி, தெருவோர வியாபாரிகளை அவர்கள் மொழியான அரபியிலேயே பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அணுகுண்டும் இல்லை, ராணுவ ரகசியமும் இல்லை. நம்ம ஊர் பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்கள் சங்கம் வைத்தால் அது எப்படி நடக்கிறது என்று கேட்பது போன்ற விஷயம்.

ஆனால் எகிப்தில் 2011 புரட்சிக்குப் பிறகு தொழிற்சங்கம் என்றாலே அரசுக்கு அலர்ஜி. ஓர் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ரெஜேனி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். தொகை 10,000 பவுண்டு. வியாபாரிகள் சங்கத் தலைவர் ஒருவர் அதில் தன் சொந்தத் தேவைக்குப் பணம் கேட்டார். அந்தப் பணத்தை அப்படிக் கொடுக்க முடியாது என்று ரெஜேனி மறுத்தார். இந்த உரையாடலை அந்தத் தலைவரே ரகசியமாக வீடியோ எடுத்தார். அவர் ஏற்கெனவே போலீசுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

2016 ஜனவரி 25, புரட்சியின் ஐந்தாம் ஆண்டு நாள். அன்று மாலை நண்பரைப் பார்க்கக் கிளம்பியவர் காணாமல் போனார். பிப்ரவரி 3 அன்று கெய்ரோ - அலெக்சாண்ட்ரியா நெடுஞ்சாலை ஓரம் உடல் கிடைத்தது. உடம்பெங்கும் சித்திரவதைத் தழும்புகள். மூக்கின் நுனியை வைத்துத்தான் மகனை அடையாளம் கண்டதாகத் தாய் சொன்னார். எகிப்து முதலில் விபத்து என்றது. பிறகு ஏதோ கொள்ளைக் கும்பலின் வேலை என்றது.

இவர் ஒருவர் மட்டுமில்லை

டர்ஹாம் பல்கலைக்கழக பிஎச்.டி. மாணவர் மேத்யூ ஹெட்ஜஸ், அரபு எழுச்சிக்குப் பிந்தைய ஐக்கிய அரபு அமீரகத்தின் பாதுகாப்புக் கொள்கையை ஆராய்ந்தார். 2018 மே மாதம் களப்பணி முடித்துத் திரும்பும்போது துபாய் விமான நிலையத்தில் கைது. சில மாதங்கள் தனிமைச் சிறை. நவம்பரில், ஐந்தே நிமிட விசாரணையில், வழக்கறிஞர் இல்லாமலே ஆயுள் தண்டனை. உலகமே சத்தம் போட்டதால் அதே மாதம் மன்னிப்பு. பிரின்ஸ்டன் மாணவர் சியூ வாங் வரலாற்றுத் துறை. பழைய ஆவணங்களைத் தேடி ஈரான் போனவர் 2016இல் கைதாகி, கைதிகள் பரிமாற்றத்தில் 2019 டிசம்பரில்தான் வெளியே வந்தார்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஆய்வாளரும் உளவாளியும் ஒரே வேலை செய்வது போலத்தான் தெரியும். இருவரும் ஊரைப் படிக்கிறார்கள், ஆட்களைப் பழக்கம் பிடிக்கிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள். அதனால் ஓர் அரசுக்குச் சந்தேகம் வருவதில் அதிசயமில்லை. ஆனால் ஆய்வாளர் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார், கண்டுபிடித்ததை யாரும் படிக்கிற மாதிரி எழுதி வெளியிடுகிறார். சந்தேகம் இருந்தால் விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்பலாமே! சித்திரவதைக்கும் ஐந்து நிமிடத் தீர்ப்புக்கும் சந்தேகம் ஒரு சாக்காக முடியாது.

திருப்பி அனுப்புவதும் சும்மா விட்டுவிடக்கூடிய விஷயமில்லை. கேரளத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்த மானுடவியலாளர் பிலிப்போ ஒசெல்லா, 2022 மார்ச்சில் திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்தே காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார். கெய்ரோவில் நடந்ததோடு இதை ஒப்பிடவே முடியாது. இருந்தாலும் கதவைச் சாத்தும் பழக்கம் சர்வாதிகார நாடுகளுக்கு மட்டும் உரியதல்ல.

பொறுப்பு யாருக்கு?

“அங்கே ஏன் போனாங்க?” என்று கமெண்ட்டில் கேட்பது சுலபம். யாரும் போகாவிட்டால் என்ன ஆகும்? எகிப்தைப் பற்றி எகிப்து அரசின் செய்திக் குறிப்புதான் மிஞ்சும். ஒரு நாட்டில் போராட்டம் வெடிக்கும்போது டிவியில் விளக்கம் சொல்கிற நிபுணர்களில் பலர், என்றோ அங்கே தெருத்தெருவாக அலைந்து பிஎச்.டி. முடித்தவர்கள்.

பல்கலைக்கழகங்கள் இதில் சாமர்த்தியமாக நழுவுகின்றன. நெறிமுறைக் குழுவின் படிவங்கள் பெரும்பாலும் பேட்டி கொடுப்பவரின் பாதுகாப்பைப் பற்றியே கேட்கின்றன. அது அவசியம்தான். பேட்டி எடுக்கிற மாணவர் கைதானால் முதல் போன் யாருக்கு, வழக்கறிஞர் செலவு யாருடையது, குறிப்புகளை எங்கே வைப்பது என்பதற்கெல்லாம் ஒரு கையெழுத்தோடு வேலை முடிந்துவிடுகிறது. இன்னொரு பக்கம் காலக்கெடு துரத்துகிறது. நம் யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்கு அதிகபட்சம் 6 ஆண்டுகள், மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டுகள். பாதியில் களம் மூடிவிட்டால் தலைப்பை மாற்ற வேண்டும், ஒரு வருஷம் போச்சு. அந்தப் பயத்திலேயே ‘பரவாயில்லை, போய்ப் பார்ப்போம்’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு. களம் மூடினால் கூடுதல் காலமும் உதவித்தொகையும் தர வேண்டியது பல்கலைக்கழகத்தின் கடமை. அதை விதியாகவே எழுத வேண்டும்.

அரசுகளின் கணக்கு இன்னும் மோசம். ரெஜேனி விவகாரத்தில் 2016 ஏப்ரலில் தூதரைத் திரும்ப அழைத்த இத்தாலி, மறு வருடமே புதிய தூதரை அனுப்பியது. எரிவாயு, அகதிகள் வருகை என்று கெய்ரோவோடு அதற்கு வேறு பேச்சுகளும் இருந்தன. ஹெட்ஜஸுக்குச் சரியாக உதவவில்லை என்று பிரிட்டன் வெளியுறவுத் துறையை அந்நாட்டின் குறைதீர்ப்பு அதிகாரியே 2023இல் கண்டித்தார். இழப்பீடாகத் தரச் சொன்ன தொகை 1,500 பவுண்டு.

ரெஜேனி வழக்கில் எகிப்தின் பாதுகாப்பு அதிகாரிகள் நால்வர் மீது ரோமில் விசாரணை தொடங்கியது 2024 பிப்ரவரியில். அவர்களின் முகவரியை எகிப்து தராததால் நோட்டீஸ்கூட அனுப்ப முடியவில்லை. ஆள் இல்லாமலேயே வழக்கை நடத்தலாம் என்று இத்தாலியின் அரசமைப்பு நீதிமன்றம் 2023இல் சொன்ன பிறகுதான் அதுவும் நகர்ந்தது.