ரெண்டு மானிட்டர் போதும், மூணு வேண்டாம்

போன மாதம் மட்டும் மூன்று தமிழ் அப்பாக்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் புனே, ஒருவர் ஃபரிதாபாத், மூன்றாமவர் இங்கேயே நாக்பூரில் எங்கள் அடுத்த தெரு. "பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேக்கறான் சார், அதுவும் மூணு மானிட்டரோட. வாங்கித் தரலாமா?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் இந்தப் பதிவு.

நான் படித்தது பி.காம். வேலை வங்கியில். கம்ப்யூட்டர் நிபுணன் இல்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ஒன்று அசெம்பிள் பண்ணிக் கொடுத்து, ஒரு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், அவ்வளவுதான். என் கருத்து இது: கையில் பணம் இருந்தால் வாங்கிக் கொடுங்கள். மானிட்டர் இரண்டு வாங்குங்கள். மூன்று தண்டம். ஒன்றோடு நிறுத்துவதும் நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்குச் சரிப்படாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்றாவது. யூடியூபில் காட்டுகிறார்களே, விமானத்தின் காக்பிட் மாதிரி மூன்று திரை, நடுவில் ஒரு பையன். புதுசு ஒன்றும் இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் பல திரைகளைச் சேர்க்கும் வசதி விண்டோஸ் 98-லேயே இருந்தது. ஒரே விளையாட்டை மூன்று திரையிலும் பரப்பி ஓட்டுவதற்கு ஏஎம்டி கம்பெனி 2009-இல் ஐஃபினிட்டி என்று கொண்டு வந்தது. அடுத்த வருஷமே என்விடியாவின் சரவுண்ட் வந்தது. பார்க்க அட்டகாசமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே!

சாதாரண ஃபுல் எச்டி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு பிரேமுக்கும் இத்தனையையும் வரைய வேண்டும். மூன்று திரையில் பரப்பினால் 62,20,800. கார்டு அதேதான், வேலை மூன்று மடங்கு. ஒரு திரையில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு மூன்றில் நொண்டும். அதைச் சரிபண்ண இன்னும் பெரிய கார்டு வேண்டும். பெரிய கார்டுக்குப் பெரிய பவர் சப்ளை. எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இத்தனை செலவு பண்ணியும் பையன் ஆடுகிற ஆட்டம் அந்த இரண்டு பக்கத் திரைகளையும் பயன்படுத்துமா என்று பாருங்கள். பசங்க இப்போது அதிகம் ஆடும் வேலரன்டையே எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் தெரியும் கோணத்தை 103 டிகிரி என்று பூட்டியே வைத்திருக்கிறார்கள். பத்து மானிட்டர் வைத்தாலும் பக்கத்தில் ஒளிந்திருக்கிறவன் ஒரு இஞ்ச் கூடத் தெரிய மாட்டான். கார் ரேஸ், விமானம் ஓட்டும் சிமுலேட்டர், இந்த இரண்டுக்கும் மூன்று திரை உண்மையாகவே உதவும். ஸ்டியரிங் வீலும் பெடலும் வாங்கிப் பூட்டுகிற அளவுக்கு உங்கள் பிள்ளை அதில் ஊறியிருந்தால் சரி. இல்லையென்றால் மூன்றாவது மானிட்டர் காசை முதல் மானிட்டரில் போடுங்கள்.

மேஜைக் கணக்கும் பாருங்கள். 27 இஞ்ச் மானிட்டர் ஒன்று சுமார் இரண்டடி அகலம். மூன்று என்றால் ஆறடி. குவார்ட்டர்ஸ் ஹாலில் ஆறடி சுவரை இதற்கு ஒதுக்கிவிட்டால் சாமி அலமாரியை எங்கே வைப்பது என்று கேள்வி வரும், அதற்கு என்னிடம் பதில் கிடையாது :-)

சரி, இரண்டாவது எதற்கு?

நான் லோன் பிராசசிங் பிரிவில் இருந்தபோது எனக்கு இரண்டு திரை கொடுத்தார்கள். ஒன்றில் கடன் கேட்பவரின் பேலன்ஸ் ஷீட், இன்னொன்றில் நாம் எழுதும் புரபோசல். அதற்கு முன்பு ஒரே திரையில் இதற்கும் அதற்கும் தாவித் தாவி, எட்டு லட்சமா எண்பது லட்சமா என்று மூன்று தடவை பார்ப்போம். இரண்டு திரை வந்த பிறகு அந்தத் தாவல் போய்விட்டது. பையனுக்கும் அதே லாபம். பாட வீடியோ ஒன்றில், நோட்ஸ் மற்றொன்றில். இதைச் சொன்னால் எந்த அப்பாவும் தலையாட்டுவார். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டாவது திரை சம்பாதித்துக் கொடுத்தது வேறு.

எங்கள் சொந்த ஊர் பாளையங்கோட்டை. என் மகன் அங்கே மொத்தமாக இரண்டு மாதம் கூட இருந்திருக்க மாட்டான். சூரத், இந்தூர், இப்போது நாக்பூர். மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர், ஒரு பள்ளிக்கூடம். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் வரும். தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க தங்கமணி எடுத்த முயற்சிகள் தனிப் பதிவுக்கு ஆகும். பொங்கல் விழாவுக்கு அழைத்துப் போனால் மூலையில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பான்.

அப்படிப்பட்டவன் இந்தக் கம்ப்யூட்டர் வந்த பிறகு சனிக்கிழமை ராத்திரி என் தங்கை மகனோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தான். பெரிய திரையில் விளையாட்டு. பக்கத்துத் திரையில் டிஸ்கார்டு, அதில் மருமகப்பிள்ளையின் வீடியோ. "ஏலே, பொறத்தால ஒருத்தன் வாரான், சும்மா நிக்காத!" என்று பாளையங்கோட்டையிலிருந்து சத்தம். இவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அப்பா, பொறத்தாலன்னா என்னப்பா?" என்றான். பின்னாடி என்றேன். அடுத்த வாரம் இவனே அதைச் சொல்கிறான். பதினாறு வருஷமாக நாங்கள் சொல்லிக்கொடுக்க முடியாததைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் அவன் கற்றுக்கொண்டான்.

அந்த வீடியோவில் மருமகனுக்குப் பின்னால் சில நேரம் எங்கள் அம்மா நடமாடுவார். நின்று உற்றுப் பார்த்து, "சாப்ட்டியாலே?" என்று கேட்பார். "சாப்ட்டேன் ஆச்சி" என்று பதில் போகும். நாங்கள் போன் போட்டு "ஆச்சி கூடப் பேசுடா" என்று கையில் திணித்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. இங்கே யாரும் திணிக்கவில்லை, அவர் பாட்டுக்கு வருகிறார், போகிறார்.

ஒரே திரை இருந்தால் இது நடக்காது. விளையாட்டு முழுத் திரையையும் அடைத்துக்கொள்ளும், கூப்பிட்டவர்கள் அதன் அடியில் போய்விடுவார்கள். குரல் கேட்கும், முகம் இருக்காது. "அதுக்கு போன் போதாதா?" என்று தங்கமணி கேட்டார். நியாயமான கேள்வி. போனைச் சாய்த்து வைத்தும் பார்த்தோம். அது வழுக்கி விழும், சார்ஜ் இறங்கும், நடுவில் வேறு யாராவது கூப்பிடுவார்கள். ஆறு இஞ்சில் ஆச்சி முகத்தை அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை. 24 இஞ்சில் பார்க்கிறான்.

அதனால்தான் சொல்கிறேன், கம்ப்யூட்டரை ஹாலில் வையுங்கள். அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் யாரோடு பேசுகிறான் என்று நமக்கும் தெரியாது, போகிற வருகிற நம் முகம் அந்தப் பக்கமும் தெரியாது. ஹாலில் வைத்தால் டிவி சத்தத்துக்குச் சண்டை வரும். வரட்டும்.

'கேமிங் என்றால் சூதாட்டம்தானே' என்று ஃபரிதாபாத் நண்பர் பயந்தார். இரண்டும் வேறு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது. பையன் ஆடுவது எது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது எதை வாங்குவது. இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. விளையாட்டுத் திரை வேகமானதாக இருக்கட்டும், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை 16.7 மில்லி செகண்டுக்கு ஒருமுறை மாற்றும், 144 என்றால் சுமார் 7 மில்லி செகண்ட். பசங்களுக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக இல்லை என்று சொல்லக்கூடாது. இரண்டாவதற்கு இது எதுவுமே வேண்டாம். வீட்டில் பழைய மானிட்டர் இருந்தால் அதுவே போதும். பிஏ, ஏஜிஎம் கனவோடு படிக்க பிடிஎஃப் வைத்திருப்பவர்கள் அதைச் செங்குத்தாகத் திருப்பி வைக்கலாம், டிஸ்ப்ளே செட்டிங்கில் ஓரியன்டேஷனை போர்ட்ரெய்ட் ஆக்கினால் ஒரு முழுப் பக்கம் அப்படியே தெரியும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை. எங்கள் வீட்டுக்கு வந்து பூட்டிக் கொடுத்தவர் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் இருந்த ஓட்டையில் செருகிவிட்டுப் போய்விட்டார். படம் வந்தது, எல்லாரும் கைதட்டினோம். ஆனால் அத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. கேபிள் இரண்டும் கிராபிக்ஸ் கார்டின் ஓட்டையில்தான் போக வேண்டும். கேபினட்டின் பின்பக்கம் கீழே, படுத்தவாக்கில் வரிசையாக இருக்கும். அதில் டிஸ்ப்ளேபோர்ட்டை வேகமான திரைக்கும், எச்டிஎம்ஐயை இரண்டாவதற்கும் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, 144 என்று காசு கொடுத்து வாங்கிய திரை விண்டோஸில் 60-இலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். பல வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது, யாருக்கும் தெரியாது. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரிஃப்ரெஷ் ரேட் இருக்கும். எந்தத் திரை என்று மேலே தேர்ந்தெடுத்துவிட்டு மாற்றுங்கள். அதே டிஸ்ப்ளே பக்கத்தில் 1, 2 என்று இரண்டு கட்டங்கள் தெரியும். மேஜையில் எது இடது, எது வலது என்று பார்த்து அதே மாதிரி இழுத்து வையுங்கள். இல்லையென்றால் மவுஸ் வலது பக்கம் போனால் இடது பக்கத்தில் முளைக்கும். வேகமான திரையை மெயின் டிஸ்ப்ளே ஆக்குங்கள், விளையாட்டு அதில்தான் திறக்கும். ஒரே படம் இரண்டிலும் வந்தால் பயப்பட வேண்டாம், விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்தி எக்ஸ்டெண்ட் தேர்வு செய்தால் பிரிந்துவிடும்.

இரண்டு திரையும் வேறு வேகத்தில் ஓடினால் விக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது பழைய கதை. 2020 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டோடு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. அந்த விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ஓடு பொதுவான ஆதரவு நின்றுவிட்டது, ஆகவே 11 போடுங்கள். ஆனால் சில கார்டுகள் இரண்டு திரை ஓட்டும்போது சும்மா இருக்கும் நேரத்திலும் கொஞ்சம் கூடுதல் கரண்ட் இழுக்கும். நாக்பூர் மே மாதத்தில் அந்தக் கொஞ்சம் சூடு கூடத் தெரியும்.

யுபிஎஸ் விஷயம். கடையில் தள்ளிவிடும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். கேமிங் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடும்போது அதைத் தாண்டிவிடும், கரண்ட் போன அந்த நொடியே பீப் அடித்து அணையும். இரண்டாவது மானிட்டரை யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். பெரிய யுபிஎஸ்ஸே வாங்கினாலும் கம்ப்யூட்டர், முதல் மானிட்டர், மோடம் போதும்.

கடைசியாக என் துறை. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று ஆசை காட்டுவார்கள். கிரெடிட் கார்டில் வட்டியே இல்லாத இஎம்ஐ என்று ஒன்று உண்மையில் இல்லை, வட்டியை வேறு பெயரில் மறைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. இப்போது செய்வது என்னவென்றால், வட்டி அளவுக்கு முன்கூட்டியே விலையில் தள்ளுபடி தந்துவிட்டு, வட்டியைத் தவணையில் வாங்கிக்கொள்வது. உதாரணத்துக்கு 36,000 ரூபாய்ப் பொருள், 12 மாதம், 15 சதவீத வட்டி. வட்டி சுமார் 2,760 ரூபாய், அது தள்ளுபடியில் சரியாகிவிடும். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 497 ரூபாய், நம் தலையில். பிராசசிங் கட்டணம் தனி, அதற்கும் ஜிஎஸ்டி. தொகை பெரிதில்லை. ஆனால் நேரில் போய் நின்று மொத்தப் பணத்தையும் கொடுக்கிறேன் என்று பேசினால் குறைகிற விலை இருக்கிறதே, அது போச்சு. நேரு பிளேஸ், லேமிங்டன் ரோடு, எஸ்.பி. ரோடு, ரிச்சி ஸ்ட்ரீட், எந்த ஊர்ச் சந்தையிலும் அந்தப் பேச்சுக்கு இன்னும் மதிப்பு உண்டு. ஜிஎஸ்டி பில் மட்டும் கேட்டு வாங்குங்கள். 32 இஞ்ச் வரையுள்ள மானிட்டருக்கு 18 சதவீதம்தான். அதற்கு மேற்பட்டதற்கு 28 ஆக இருந்ததும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது.

அதற்காகப் பெரிய மானிட்டராகப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

பி.கு: மானிட்டர் வந்த அட்டைப்பெட்டி, தெர்மாகோல் இரண்டையும் பரணில் பத்திரமாக வையுங்கள், தங்கமணிகள் எவ்வளவு திட்டினாலும். பேக்கர்ஸ் ஆட்கள் கம்பளியில் சுற்றி லாரியில் நிற்க வைத்தால் திரை விரிசலோடுதான் புது ஊரில் இறங்கும். எனக்கு அடுத்த ஜூனில் டிரான்ஸ்ஃபர் வரும் என்று பேச்சு. பெட்டி இரண்டும் தயாராக இருக்கின்றன.