புது நாகரிக உடையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

குடும்பப் பகுதி
வாசிக்க: 1 சாமுவேல் 16:6-7, 1 தீமோத்தேயு 2:9-10





இம்மாதம் நான் என் தவறு ஒன்றை அறிக்கையிட்டுத் தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் எங்கள் சபையில் ஒரு ஞாயிறு ஆராதனை. கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் ஒரு மகள், முழங்காலில் கிழிசல் உள்ள ஜீன்ஸும் இடுப்பளவே நிற்கும் ஒரு மேற்சட்டையும் அணிந்து வந்திருந்தாள். பிரசங்கத்தின் நடுவே, "கிழிந்ததைத் தைத்து உடுத்திய காலம் போய், கிழிந்ததைக் காசு கொடுத்து வாங்கும் காலம் வந்துவிட்டது" என்று நான் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் சபை முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். அவள் தலை கவிழ்ந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. நான்கு ஞாயிறுகள் கடந்தன. அவளுடைய தாயார் கண்ணீரோடு வந்து, "ஐயா, வீட்டிலும் வேதத்தைத் திறப்பதில்லை, ஜெபத்துக்கும் உட்காருவதில்லை" என்றார்கள். நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். அந்த மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பாஸ்டர், அது நான் சிறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. அது சரியில்லையென்றால் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே" என்றாள். எனக்குப் பதில் இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஒரு கிழிந்த ஜீன்ஸின் நிமித்தம் ஓர் ஆத்துமாவை இழக்கும் அபாயம் நம் சபைகளில் இருக்கிறது. ஆகவே, இதை அற்பக் காரியம் என்று ஒதுக்காமல் சற்று நிதானமாய்ச் சிந்திப்போம்.

உடை அற்பமான காரியமா?

நம்மில் அநேகருடைய முன்னோர் திருநெல்வேலி, கன்னியாகுமரிச் சீமைகளிலிருந்து பிழைப்புத் தேடி இந்நகரங்களுக்கு வந்தவர்கள். கன்னியாகுமரிப் பகுதி 1956 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே நாடார் உள்ளிட்ட பல சமுதாயப் பெண்களுக்குத் தோளை மூடி ஆடை அணியும் உரிமை மறுக்கப்பட்டது. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டையை அணியத் தொடங்கியபோது வீதிகளிலும் சந்தைகளிலும் தாக்கப்பட்டார்கள். ஆராதனைக் கூடங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1859-இல் அரச அறிக்கை வந்த பிறகே மேலாடை அணியும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது, அதுவும் நிபந்தனைகளோடு. சரித்திரம் இதைத் தோள்சீலைப் போராட்டம் என்று அழைக்கிறது.

அந்தக் குப்பாயம் அன்றைக்குப் புது நாகரிகம்! அதை அணிந்த நம் பாட்டிமாரை உலகம் 'அடங்காதவர்கள்' என்றது. இன்று நம் தாய்மார் புடவையோடு அணியும் ரவிக்கையும் உள்பாவாடையும்கூட ஒரு காலத்தில் புதியவைதான். வங்காளத்து ஞானதாநந்தினி தேவி 1860-களில் இதே பம்பாயில் தங்கியிருந்தபோது, பார்சிப் பெண்கள் புடவை கட்டும் முறையைக் கண்டு, அதைத் தழுவி உடுத்திப் பரவச் செய்தவர்களில் முதன்மையானவர் என்பது சரித்திரம். ஆகவே, புதியது என்பதினாலேயே ஒன்று பாவமாகிவிடாது. புதியது என்பதினாலேயே அது நமக்குத் தகுதியாகிவிடுவதுமில்லை.

பவுல் சொன்னது என்ன?

எபேசுவிலிருந்த தீமோத்தேயுவுக்கு எழுதுகையில் பவுல் ஸ்திரீகளின் உடையைக் குறித்துச் சொல்லும் இடத்தில் 'கொஸ்மியோஸ்' என்னும் கிரேக்கச் சொல் வருகிறது. ஒழுங்குள்ளது, பொருத்தமானது என்பது அதன் கருத்து. அதே வசனத்தில் அவர் எச்சரிக்கும் காரியங்களைக் கவனியுங்கள்: பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம். அதாவது, உடலைக் காட்டும் உடை எவ்வளவு தகாததோ, செல்வத்தைக் காட்டும் உடையும் அவ்வளவு தகாதது.

முந்நூறு ரூபாய் மேற்சட்டையைக் கண்டு முகம் சுளிக்கிற நாம், கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பதினையாயிரம் ரூபாய்ப் பட்டு உடுத்தி வருவதைக் குறித்து மௌனமாயிருக்கிறோமே! நல்ல வஸ்திரம் தரித்தவனுக்கு முன் இருக்கையும் எளியவனுக்குக் காலடியும் கொடுப்பதைக் கண்டிக்கும் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தை அந்தப் பட்டுப் புடவையின் முன் நாம் வாசிப்பதில்லை. அளவுகோல் ஒன்றாயிருக்கட்டும். பிள்ளைகள் நம் இரட்டை அளவுகோலைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

அலமாரியைத் திறந்தபோது

அன்று அந்த வீட்டில் நான் மன்னிப்புக் கேட்டு முடித்ததும் என் மனைவி அந்த மகளிடம், "உன் அலமாரியைத் திற அம்மா, இருவரும் பார்ப்போம்" என்றாள். நானும் பிள்ளையின் தகப்பனாரும் வாசலில் அமர்ந்து இரண்டு முறை தேநீர் குடித்தோம். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. என் பிரசங்கத்தால் ஆகாததை அந்த இரண்டு மணி நேரம் செய்தது. எதையும் எறியச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் உடுத்தத்தக்கதாக மாற்றினார்கள். அன்று அவர்கள் கண்ட வழிகளை மற்றத் தாய்மாருக்கும் பிரயோஜனமாகும்படி எழுதுகிறேன்.

முதலாவது, ஒரே ஒரு புது நாகரிகத் துணி, மற்றவை எளியவை. பூ வேலைப்பாடுள்ள பலாசோ அணிந்தால் மேலே ஒரே நிறத்தில் ஒரு சாதாரணக் குர்த்தி. தொளதொளப்பான கார்கோ பேன்ட் என்றால் அளவான முழுக்கைச் சட்டை. எல்லாமே கண்ணைப் பறித்தால் எதுவுமே அழகாயிராது. கறுப்பு, வெள்ளை, கருநீலம், காக்கி ஆகிய நிறங்களில் சில எளிய துணிகள் வீட்டிலிருந்தால் அவை பெரும்பாலும் எந்த நிறத்தோடும் பொருந்தும்.

இரண்டாவது, குட்டையானதற்கு நீளமானதைத் துணை சேர்ப்பது. இடுப்பளவு மேற்சட்டையை நீண்ட உள்சட்டையின்மேல் அணியலாம். அல்லது உயரமான இடுப்புப் பட்டியுள்ள நீளப் பாவாடையோடு அணிந்து, மேலே பொத்தான் திறந்த பருத்திச் சட்டையை அங்கிபோல் போட்டுக்கொள்ளலாம். கையில்லாத நீள உடையின் உள்ளே முழுக்கை டி-ஷர்ட் அணியலாம். இறுக்கமான ஜீன்ஸுக்கும் லெகிங்ஸுக்கும் முழங்கால் வரை வரும் குர்த்தி போதும். மெல்லிய துணிக்கு உள்ளே ஸ்லிப் கட்டாயம்.

மூன்றாவது, தையற்காரர். தெருமுனையில் ஆல்டர் செய்கிறவர் சிறு தொகைக்குக் கழுத்தை ஏற்றித் தருவார். பக்கவெட்டைத் தைத்துக் குறைப்பார். கிழிந்த ஜீன்ஸுக்கு உள்ளிருந்து அதே நிறத்து டெனிம் துண்டு வைத்துத் தைப்பார். அந்த மகளின் ஜீன்ஸுக்கும் அதுவே செய்யப்பட்டது. கிழிசலின் அழகும் இருந்தது, முழங்காலும் மறைந்தது. ஜீன்ஸ் என்பதே உழைப்பாளிகள் அணிந்த காற்சட்டைதான். பையின் ஓரங்கள் கிழியாதபடி செம்பு ஆணி அறைந்து உறுதிப்படுத்திய ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரரும், துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் 1873-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். கிழியாதிருப்பதற்காகவே உண்டாக்கப்பட்ட உடை இன்று கிழித்தே விற்கப்படுகிறது என்பதைக் கேட்டு அந்த மகளே சிரித்துவிட்டாளாம்.

நான்காவது, ஐந்து அசைவுகள். கண்ணாடி முன் நின்று பார்ப்பது போதாது. கைகளை முழுவதும் உயர்த்துங்கள், முழங்காற்படியிடுங்கள், பாயில் உட்கார்ந்து எழுந்திருங்கள், குனிந்து ஒரு பையைத் தூக்குங்கள், மின்ரயிலில் ஏறுவதுபோல் காலை உயர்த்தி வையுங்கள். இந்த ஐந்திலும் இழுத்து விடவோ பிடித்துக்கொள்ளவோ வேண்டியிராத உடையே உடுத்தத்தக்க உடை. ஆராதனையில் கரங்களை உயர்த்துகிறவர்கள் நாம். கை உயரும்போதெல்லாம் சட்டையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால் கர்த்தரை நினைப்பது எப்போது? இந்தச் சோதனை வாலிபத் தம்பிமாருக்கும் உரியது. முழங்காற்படியிடும்போது நழுவும் ஜீன்ஸை அணிகிறவர்கள் சகோதரிகளுக்குப் புத்தி சொல்லாதிருக்கட்டும். டி-ஷர்ட்டில் அச்சிட்டிருக்கும் ஆங்கில வாசகத்தின் அர்த்தத்தையும் வாங்குமுன் அறிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது, நகரத்தின் தட்பவெப்பம். மும்பையின் புழுக்கத்தில் செயற்கை இழைத் துணி உடலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி காற்றோட்டம் தரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஓர் அறை வீட்டில் கனத்த டெனிம் உலர இரண்டு மூன்று நாள் ஆகும். ஞாயிறு ஆராதனைக்கு நாம் விரும்பி அணியும் வெள்ளை உடை மழையில் நனைந்தால் எப்படியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாதங்களில் கனமான வெள்ளைத் துணியோ வெளிர்நிற மேலங்கியோ தேவை. நெரிசலான ரயிலிலும் நகரும் படிக்கட்டிலும் துப்பட்டாவை ஊசி குத்தி ஒதுக்கிக்கொள்வது உயிருக்கே பாதுகாப்பு.

ஆறாவது, வாங்குமுன் ஒரு கணக்கு. ஃபேஷன் ஸ்ட்ரீட்டிலும் பாந்த்ரா லிங்கிங் ரோட்டிலும் மலிவாய்க் கிடைக்கிறதென்று அள்ளிக்கொண்டு வருகிறோம். கையிலெடுத்த துணி, வீட்டிலிருக்கும் எந்த மூன்று துணிகளோடு சேரும் என்று கேளுங்கள். மூன்று சொல்ல முடியாவிட்டால் திரும்ப வைத்துவிடுங்கள். முந்நூறு ரூபாய்ச் சட்டையை இரண்டு முறை உடுத்தினால் ஒரு முறைக்கு நூற்றைம்பது ரூபாய். தொள்ளாயிரம் ரூபாய்க் குர்த்தியை அறுபது முறை உடுத்தினால் ஒரு முறைக்குப் பதினைந்து ரூபாய். எது மலிவு? அந்தச் சந்தைகளில் தொங்கும் பனியன் துணிகளில் பல நம் திருப்பூரில் உழைக்கும் சகோதர சகோதரிகளின் கைகளால் தைக்கப்பட்டவை. இருமுறை உடுத்தி எறிவது அந்த உழைப்புக்கும் மரியாதையல்ல.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அன்னாள் சீலோவிலிருந்த தன் மகன் சாமுவேலுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறிய சட்டை தைத்துக் கொண்டுபோனாள் என்று 1 சாமுவேல் 2:19-இல் வாசிக்கிறோம். ஆண்டுதோறும் தைத்தாள் என்றால், பிள்ளை வளர்கிறான் என்பதை அவள் அறிந்திருந்தாள். சென்ற ஆண்டின் அளவிலேயே தைத்துக்கொண்டு போய், "இது உனக்குப் போதும்" என்று அவள் சொல்லவில்லை. நாமோ ஊரில் நாம் வளர்ந்த நாட்களின் அளவை வைத்து, மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளையை அளக்கிறோம்.

இதன் பொருள், எல்லாவற்றையும் அனுமதிப்பது என்பதல்ல. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய உடைகள் உண்டு, சொல்லுங்கள். ஆனால் தனியே சொல்லுங்கள். காரணம் சொல்லுங்கள். மாற்று வழியையும் கையில் கொடுங்கள். கடைக்குச் செல்லும்போது கூடச் செல்லுங்கள். வீட்டுக்கு வந்த பின் திட்டுவதைவிடக் கடையில் கூட நின்று தெரிந்தெடுப்பது மேலானது.

சபை மூப்பர்களுக்கும் என்னைப்போன்ற ஊழியர்களுக்கும் ஒன்று சொல்வேன். எலியாபின் தோற்றத்தைக் கண்டு சாமுவேல் தீர்க்கதரிசியே தவறினார் என்றால் நாம் எம்மாத்திரம்! பிரசங்க பீடத்திலிருந்து ஒரு பிள்ளையின் உடையைச் சுட்டிக்காட்டாதிருப்போம். துணியின் கிழிசலை ஒரு மணி நேரத்தில் தைத்துவிடலாம். கூட்டத்தின் நடுவே வெட்கப்படுத்தப்பட்ட மனதை அவ்வளவு எளிதில் தைக்க முடியாது.

யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் மரித்தபோது விதவைகள் பேதுருவிடம் எதைக் காட்டினார்கள்? அவள் தங்களுக்காகத் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அழுதார்கள் (அப்போஸ்தலர் 9:39). ஒவ்வொரு சபையிலும் அப்படிப்பட்ட ஒரு தாய் வேண்டும். குற்றம் சொல்லும் நாவோடல்ல, ஊசியும் நூலுமாக வரும் தாய்.

அந்த மகள் உடனே திரும்பி வரவில்லை. மேலும் மூன்று ஞாயிறுகள் அவள் தாயாரின் பக்கத்து இடம் வெறுமையாகவே இருந்தது. நான்காவது ஞாயிறு, துதி ஆராதனை நடந்துகொண்டிருக்கையில் வந்து கடைசி வரிசையில் நின்றாள். சற்று நேரத்துக்குப் பின் தன் கைகளை உயர்த்தினாள். அன்று அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று நீங்கள் கேட்டால் எனக்கு நினைவில்லை.

அன்புள்ள பரம தகப்பனே, எங்கள் பிள்ளைகளை உம்முடைய கண்களால் பார்க்க எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் உடையிலும் நாவிலும் ஒழுங்கைத் தாரும். எங்கள் வார்த்தையினால் விலகிப்போனவர்களை உமது அன்பினால் திரும்பக் கொண்டுவாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.