முயலை ஜோடியாக விற்றால் பொறுப்பு முடிந்துவிடுமா?

வாரச் சந்தைகளிலும் வண்ண மீன் கடைகளிலும் இப்போது முயல் குட்டிகள் 'ஜோடி' கணக்கில்தான் விற்கப்படுகின்றன. இரண்டு மாதக் குட்டிகள் இரண்டை அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்து, "ஒத்தையா வளர்க்காதீங்க, ஏங்கிப் போயிடும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பேச்சு உண்மைதான். முயல் கூட்டமாக வாழும் பிராணி. துணை இல்லாவிட்டால் சோர்ந்து போகும். ஆனால் அடுத்துச் சொல்ல வேண்டியதை யாரும் சொல்வதில்லை. மூன்றாம் மாதம் நெருங்கும்போது அந்த ஜோடியைப் பிரித்து வைக்க வேண்டும். கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்து, அதன் பிறகும் சில வாரங்கள் கழியும் வரை சேர்க்கக் கூடாது.

இது பண்ணை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த விஷயம். பண்ணையில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த சில வாரங்களிலேயே ஆண் வேறு, பெண் வேறு என்று ஒதுக்கிவிடுகிறோம். பருவத்துக்கு வந்த ஆணுக்குத் தனிக் கூண்டு. இனச்சேர்க்கைக்குப் பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டு போய், சேர்ந்ததும் திரும்ப அதன் கூண்டிலேயே விட்டு, அட்டையில் தேதி குறித்துக் கொள்கிறோம். 5, 6 மாதம் ஆகாத பெண்ணை இனச்சேர்க்கைக்கு விடுவதில்லை. இத்தனை ஒழுங்கோடு வளர்த்த குட்டியை ஒரு வீட்டுக்கு விற்கும்போது, அந்த ஒழுங்கில் ஒரு வரியைக்கூடச் சொல்லி அனுப்புவதில்லை.

கணக்கு போட்டுப் பாருங்கள்

மாடு, ஆடு போல முயலுக்குக் குறிப்பிட்ட நாளில் சினைத் தருணம் வருவதில்லை. ஆண் சேர்ந்த பிறகுதான் பெண் முயலின் சினைமுட்டை வெளிப்படும். அதனால் பருவத்துக்கு வந்த பெண் ஏறக்குறைய எந்த நாளிலும் சினை பிடிக்கும். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கவும் முடியும். பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமக்கும்.

ஒன்றாகவே விடப்பட்ட ஜோடியில் பெண் 5ஆம் மாதத்தில் சினையானதாக வைத்துக்கொள்வோம். ஈற்றுக்கு 6 குட்டி என்றால், அதன் 8ஆம் மாதத்துக்குள் மூன்று ஈற்றில் 18 குட்டிகள். தாய், தகப்பனோடு சேர்த்து 20. எல்லாமே பிழைத்து நிற்காது. வளர்ந்து முடியாத உடம்பில் அடுத்தடுத்து சினை பிடித்தால் தாய் எலும்பும் தோலுமாகும். முதல் ஈற்றுக் குட்டிகளுக்குப் பால் போதாது. கூடு கட்டப் பெட்டி இல்லாமல், வெறும் கம்பித் தரையில் ஈன்று, மயிர் முளைக்காத குட்டிகள் குளிரில் விறைத்துக் கிடப்பதைத்தான் காலையில் அந்த வீட்டுப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

மிஞ்சியவை என்ன ஆகும்? வாங்கிய கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். கடைசியில் ஏரிக்கரையிலோ காலி மனையிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். கூண்டில் வளர்ந்த முயலுக்கு நாயிடமும் பூனையிடமும் தப்பிக்கத் தெரியாது. நம் ஊர் வெயிலும் அதற்குத் தாங்காது. காட்டு முயல் வேறு இனம். அதன் பிழைப்பு இதற்கு வராது.

"கூடப் பிறந்தவைதானே?"

வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் சமாதானங்கள் மூன்று. ஒரே ஈற்றுக் குட்டிகள் சேராது என்பது முதலாவது. பருவம் வந்தால் முயலுக்கு அண்ணன், தங்கை கிடையாது.

இரண்டுமே ஆண் என்பதால் பிரச்சினை இல்லை என்பது அடுத்தது. அதுவரை ஒட்டிப் படுத்திருந்த இரண்டு ஆண்கள், பருவம் வந்ததும் ஒன்றையொன்று கடித்துக் குதறும். விரைப் பகுதியிலேயே கடிபடுவதும் உண்டு. போதாததற்கு, இரண்டு மாதக் குட்டியில் பால் பிரிப்பது அனுபவசாலிக்கே சில நேரம் தவறும். குட்டியை மல்லாத்திப் பிடித்து, பிறப்புறுப்பின் இரு பக்கமும் விரலால் மெல்ல அழுத்தினால், ஆணுக்கு உருண்டையாகக் குழல் போலத் துருத்தும். பெண்ணுக்கு நீளவாக்கில் பிளவு போலத் தெரியும். விற்கும்போது ஒரு முறை, மூன்றாம் மாதம் இன்னொரு முறை பார்ப்பதே சரி.

பிரித்தால் ஏங்கிச் செத்துவிடும் என்பது மூன்றாவது. இதில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பழகிய ஜோடியில் ஒன்றை மாடிக்கும் மற்றதைத் தோட்டத்துக்கும் கொண்டு போனால் தீவனம் குறையலாம். பல வாரம் கழித்துச் சேர்க்கும்போது அந்நிய முயலாக நினைத்துச் சண்டையும் போடலாம். அதற்காகப் பிரிக்காமல் இருக்க வேண்டியதில்லை. பிரிக்கும் முறை தெரிந்தால் போதும்.

நடுவில் ஒரு கம்பிவலை

இரண்டு கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பார்க்கவும் மோந்து கொள்ளவும் முடிய வேண்டும். மூக்கையோ காலையோ கடிக்க எட்டக் கூடாது. சிறு கண் உள்ள கம்பிவலையை இரண்டு அடுக்காக, நடுவில் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி விட்டு அடித்தால் பாதுகாப்பு. தண்ணீர், தீவனம் தனித்தனி. வேலிமசாலோ முயல் மசாலோ அருகம்புல்லோ வலையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வைத்தால், எதிரெதிரே உட்கார்ந்து தின்னும். உலாவ விடுவதை முறை வைத்து ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அடியில் விரிக்கும் சாக்கை மாற்றிப் போடுங்கள். ஒன்றின் வாசனை மற்றதற்கு மறக்காது. "கண் முன்னாலதானே விளையாடுது" என்று ஐந்து நிமிடம் சேர்த்து விடுவது மட்டும் வேண்டாம். முயல் சேர்வதற்குச் சில விநாடிகள் போதும்.

ஆணின் விரைகள் இறங்கிய பிறகு, ஏறத்தாழ நான்காம் மாதத்தில் விரை நீக்கம் செய்யலாம். பெண்ணுக்குப் பொதுவாக 5, 6 மாதம் ஆன பிறகு கருப்பையும் சினைப்பையும் எடுக்கிறார்கள். ஆணுக்கு முடிந்துவிட்டது என்று அன்றைக்கே சேர்த்துவிடக் கூடாது. உடம்பில் ஏற்கெனவே தங்கியுள்ள விந்தணுவால் 4 முதல் 6 வாரம் வரை சினை பிடிக்க வாய்ப்பு உண்டு.

அறுவை சிகிச்சைக்கு முன் நாயைப் போல முயலைப் பட்டினி போடக் கூடாது. முயல் வாந்தி எடுக்காது. வெறும் வயிறு கிடந்தால் குடல் இயக்கம் நின்று போவதுதான் ஆபத்து. சிகிச்சைக்குப் பின்னும் அன்றே தின்னத் தொடங்க வேண்டும். தின்னவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரா என்று முன்பே கேட்டுக் கொள்வதில் தவறில்லை. புண் ஆறிய பிறகு, இரண்டுக்கும் சொந்தமில்லாத புது இடத்தில் சிறிது சிறிது நேரமாகச் சேர்த்துப் பழக்குங்கள். துரத்துவதும் மேலே ஏறுவதும் கொஞ்ச நாள் இருக்கும். மயிர் பறக்கக் கட்டிப் புரண்டால் மறுபடி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான்.

செலவை யார் ஏற்பது?

சில நூறு ரூபாய் முயலுக்கு அதைவிட அதிகச் செலவில் அறுவை சிகிச்சையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டுக்கும் செய்ய வசதி இல்லாதவர்கள் ஆணுக்கு மட்டும் செய்யலாம். அது சிறிய சிகிச்சை, குட்டி பெருகுவது நின்றுவிடும். ஆனால் கருப்பை எடுக்காத பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதையும் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். ஆணுக்கும் செய்ய முடியாதவர்களுக்கு நடுவில் உள்ள கம்பிவலைதான் நிரந்தரம். அதுவும் முடியாது என்றால் ஆணும் பெண்ணுமாக வாங்கவே வேண்டாம்.

இதையெல்லாம் வாங்குகிறவர் தானாகத் தெரிந்து கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. குட்டியின் பிறந்த தேதி விற்பவருக்குத்தான் தெரியும். பால் பார்க்கத் தெரிந்தவரும் அவர்தான். எனவே செல்லமாக வளர்க்க முயல் விற்கும் பண்ணையாளரும் கடைக்காரரும் ஒரு சிறு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எந்தத் தேதிக்குள் பிரிக்க வேண்டும். இந்த மூன்று வரி போதும். இன்னும் ஒரு படி மேலே போய், ஆணுக்கு விரை நீக்கம் செய்து, ஆறு வாரம் வைத்திருந்து, பழகிய ஜோடியாகவே கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கலாம். கேட்டு வாங்க ஆள் இருக்கும்.

கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் முயல் வளர்ப்புப் பயிற்சி அளிக்கின்றன. அங்கே இனம், தீவனம், கூண்டு, விற்பனை என்று சொல்லித் தருவதோடு, செல்லப் பிராணியாக விற்கும்போது என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்தால் நல்லது. இறைச்சிக்கு விற்கும் முயலோடு நம் பொறுப்பு எடை மேடையில் முடிகிறது. வளர்க்க விற்கும் முயல் இன்னும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கப் போகிறது. முதல் சில மாதங்களை அது தாண்டுவதற்கான வழியைச் சொல்லி அனுப்புவது, விற்றவர் செய்ய வேண்டிய குறைந்தபட்ச வேலை.